பதினாறு அடி நகர்ந்த வீடு

பயணக் கட்டுரை எழுத நீ யார் என்று என்னை நானே கேட்டுப் பார்த்தேன். சரியான பதில் கிடைக்கவில்லை. நான் படித்தது மூன்றாம் படிவம், அதாவது ஒன்பதாம் வகுப்பு வரை. மலேசியாவை விட்டு வெளியே போனதில்லை. கிள்ளானிலிருந்து சுங்கை சிப்புட் வரை ஒரு முறை போய் வந்தேன், அவ்வளவுதான். அதை எழுதச் சொல்லி என் தோழி புஷ்பம் போனில் மூன்று முறை கத்தினாள். அவள் கத்தினால் மறுக்கும் தைரியம் எனக்கு இல்லை. நான்கு பேர் முன்னால் பேசச் சொல்லியிருந்தால் காய்ச்சல் வந்திருக்கும். எழுதும்போது யாரும் என் முகத்தைப் பார்க்க மாட்டார்கள் என்பதால் துணிந்துவிட்டேன். தவறு இருந்தால் மன்னித்துவிடுங்கள். நேரமும் கட்டணமும் மட்டும் சரியாக இருக்கும். டிக்கெட்டுகளை எடுத்து வைத்திருக்கிறேன்.

என் பெயர் வசந்தா, வயது ஐம்பத்து மூன்று. புஷ்பமும் நானும் கிள்ளானில் ஒரு கையுறைத் தொழிற்சாலையில் பதினோரு வருடம் பக்கத்தில் பக்கத்தில் நின்று வேலை செய்தவர்கள். அங்கே இயந்திரச் சத்தத்தில் யார் பேசினாலும் கேட்காது. அதனால் எல்லாம் சைகைதான். தலையைச் சொறிந்தால் சூப்பர்வைசர் வருகிறார் என்று அர்த்தம். காதைப் பிடித்தால், இன்றைக்கு என்ன குழம்பு. புருவத்தை இரண்டு முறை தூக்கினால், லைன் ஓடுகிறது, நிறுத்தாதே. சத்தமே போடாமல் பிழைக்க முடிந்த ஒரே இடம் என்பதால் எனக்கு அந்த வேலை மிகவும் பிடித்திருந்தது. புஷ்பத்துக்குப் பிடிக்கவில்லை. மூன்று வருடங்களுக்கு முன் வேலையை விட்டுவிட்டுச் சுங்கை சிப்புட் பக்கம் போய், அவள் அப்பா வாங்கிப் போட்டிருந்த கால் ஏக்கர் நிலத்தில் தன் கையாலேயே ஒரு வீடு கட்டினாள். ஆணி அடித்ததும் அவள்தான், கூரை போட்டதும் அவள்தான். “வாடி, வந்து பாருடி” என்று மூன்று வருடமாகக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். நானும் வருகிறேன் வருகிறேன் என்று சொல்லிக்கொண்டே இருந்தேன்.

போன செவ்வாய்க்கிழமை போன் வந்தது.

“வசந்தி, ஞாயித்துக்கெழம வீட்ட நவுத்துறோம். வந்துருலா.”

“வீட்டுச் சாமானையா?”

“சாமான் இல்லடி. வீட்ட!”

நடந்தது இதுதான். “பலா மரத்துக்கு இந்தப் பக்கம் நம்முது” என்று அவள் அப்பா சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். புஷ்பமும் பலா மரத்தைப் பார்த்து, அதற்கு இந்தப் பக்கம் வீட்டைக் கட்டினாள். அப்பா சொன்ன மரம் எப்போதோ புயலில் விழுந்துவிட்டது அவளுக்குத் தெரியாது. விழுந்த மரத்தின் பழம் ஒன்று உருண்டு போய், பக்கத்து நிலத்துக்குள் முளைத்துப் பெரிய மரமாகிவிட்டது. அவள் பார்த்தது மகன் மரம். பக்கத்து நிலத்துக்காரர் நில அளவைக்காரரை அழைத்து வந்து அளந்தபோது, புஷ்பத்தின் வீடு பதினோரு அடி அவர் நிலத்தில் நின்றது. சமையலறை முழுவதும், படுக்கும் இடத்தில் பாதியும்.

திங்கட்கிழமை காலை அங்கே மண் தள்ளும் இயந்திரம் வருகிறது. அதற்குள் வீடு அந்த இடத்தை விட்டுப் போக வேண்டும். பிரித்துக் கட்டலாம் என்றால், எல்லாம் பழைய பலகை. ஆணியைப் பிடுங்கினாலே பாதி பிளந்துவிடும். இன்னொரு மூன்று வருடம் ஆணி அடிக்க அவளுக்குத் தெம்பு இல்லை. அதனால் முழு வீட்டையும் அப்படியே தூக்குவது என்று முடிவாகியிருந்தது.

சனிக்கிழமை, காலை 7.30. கிள்ளான் பேருந்து நிலையம். ஈப்போவுக்குக் கட்டணம் இருபத்தெட்டு வெள்ளி. என் இருக்கை எண் ஐந்து, ஜன்னலோரம். அதில் ஒரு பெரியவர் செருப்பைக் கழற்றிவிட்டுச் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். “ஐயா” என்றேன். அவருக்குக் கேட்கவில்லை. இன்னொரு முறை சொல்லக் கூச்சமாக இருந்ததால் பதினேழாம் எண்ணில் உட்கார்ந்தேன். ஷா ஆலாமில் பதினேழுக்குரியவர் ஏறினார். இருபத்திரண்டுக்குப் போனேன். ஈப்போ போய்ச் சேருவதற்குள் நான்கு இருக்கைகளில் உட்கார்ந்துவிட்டேன். இந்தப் பேருந்தில் போக நினைப்பவர்கள் இருபத்திரண்டில் உட்கார வேண்டாம். குளிர்சாதனத் தண்ணீர் தலையில் சொட்டும்.

காலை 9.50. தாப்பா ஓய்விடம், பதினைந்து நிமிடம். தேநீர்க் கடை முன்னால் வரிசையில் நின்றேன். “அண்ணே, ஒரு தே” என்று நான் சொல்லும்போதெல்லாம் பின்னால் இருந்து யாராவது ஒருவர் என் தோளுக்கு மேல் கையை நீட்டி நான்கு தே வாங்கிக்கொண்டு போனார்கள். பேருந்து ஹாரன் அடித்தது. தே இல்லாமல் திரும்பி வந்தேன். தாப்பாவில் தே என்ன விலை என்று என்னால் சொல்ல முடியாததற்கு வருந்துகிறேன்.

காலை 11.20. ஈப்போ. சுண்ணாம்புக் குன்றுகள் நகரத்துக்குள்ளேயே வந்து நிற்கின்றன. கிள்ளானில் குன்று இருக்க வேண்டிய இடங்களில் அடுக்குமாடி இருக்கிறது. சுங்கை சிப்புட் தாண்டிப் போக போனில் கார் பிடித்தேன். முப்பத்தெட்டு கிலோமீட்டர், நாற்பத்தாறு வெள்ளி. ஓட்டுநர் ஈப்போவுக்குப் பக்கத்து ஊரான லகாட்காரர், நாற்பது வயது இருக்கும், பெயர் குமார்.

“எங்கக்கா, கல்யாணமா?”

“இல்ல தம்பி. தோழி வீட்ட நவுத்துறாங்க.”

“என்னக்கா?”

“வீட்ட நவுத்துறாங்க.”

அவர் ரேடியோவை நிறுத்தினார். “கொஞ்சம் சத்தமா சொல்லுங்கக்கா.”

மூன்றாவது முறை சொன்னதும் அவர் காரை ஓரமாக நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார். “வீட்டையா? லோரிலயா?”

“ஆளுங்க தூக்குவாங்களாம். பலகை வீடு. லகாட்டுல ஒடச்ச மளிகைக் கடயோட பலகயாம்.”

“லகாட்டுல எந்தக் கட? பச்ச கலரா? செவுத்துல எழுதியிருக்குமா, ‘இங்கே சைக்கிள் சாய்த்து வைக்கக் கூடாது’ன்னு?”

எனக்குத் தெரியவில்லை என்றேன். அந்தக் கடைக்காரர் தன்னுடைய சைக்கிளை மூன்று முறை கால்வாயில் தூக்கிப் போட்டதாகவும், அந்தச் சுவரை ஒரு நாள் ஒரு கை பார்க்க வேண்டும் என்று பத்து வயதிலேயே நினைத்ததாகவும் சுங்கை சிப்புட் வரும் வரை சொல்லிக்கொண்டு வந்தார். பட்டணத்தைத் தாண்டியதும் செம்பனைத் தோட்டங்கள் இரண்டு பக்கமும் வந்தன. ரப்பர் இருந்த இடம் எல்லாம் இப்போது செம்பனைதான்.

மதியம் 12.35. வந்து சேர்ந்தேன். குமார் எனக்கு முன்னால் காரிலிருந்து இறங்கி வீட்டை நோக்கி ஓடினார். பச்சைப் பலகைதான். எழுத்தும் இருந்தது. ஆனால் புஷ்பம் பலகைகளை மாற்றி மாற்றி அடித்திருந்ததால், முன்பக்கம் ‘சைக்கிள் கூடாது’ என்றும் குளியலறைப் பக்கம் ‘இங்கே சாய்த்து’ என்றும் இருந்தது.

“இந்தச் செவுருதான்!” என்றார் குமார். “அக்கா, நாளைக்கு நானும் வாரேன். இதத் தூக்காம வுட மாட்டேன்.”

புஷ்பம் வாசலில் நின்று “வசந்தீ!” என்று கத்தினாள். கத்திக்கொண்டே இரண்டு கையாலும் சைகையும் செய்தாள். மூன்று வருடமாகியும் அந்தப் பழக்கம் போகவில்லை. நான் காதைப் பிடித்தேன். “மீன் கொழம்பு!” என்றாள்.

வீட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். பன்னிரண்டு அடிக்குப் பதினாறு அடி. பன்னிரண்டு சிமெண்டுக் கட்டைகள் மேல் உட்கார்ந்திருக்கிறது. ஜன்னல் நான்கு, நான்கும் நான்கு மாதிரி. கதவு ஈப்போவில் மூடிய ஒரு பல் மருத்துவக் கிளினிக்கிலிருந்து வந்தது. ‘தோலாக்’ என்று ஒட்டியிருந்தது, மலாயில் தள்ளு என்று அர்த்தம். நான் தள்ளினேன். திறக்கவில்லை. பலமாகத் தள்ளினேன்.

“இழுக்கணும்டி,” என்றாள் புஷ்பம். “அது ரெண்டு பக்கமும் ஆடுற கதவு. உள்ள தள்ளுனா மழ வருதுன்னு நெலையில ஒரு கட்ட வச்சி அடிச்சிட்டேன்.”

“அப்ப ஏன் அந்த ஸ்டிக்கர்?”

“அதப் பிச்சா கண்ணாடி கீறிடும்லா. வர்றவுங்க எல்லாம் ஒரு தடவ தள்ளுவாங்க, அப்புறம் பழகிடும்.”

புஷ்பத்தின் உயரம் நான்கு அடி பத்து அங்குலம். வீடும் அவள் உயரத்துக்குத்தான். விளக்குச் சுவிட்சு மற்றவர்கள் இடுப்பில் இருக்கிறது. பாத்திரம் கழுவும் தொட்டி மற்றவர்கள் தொடை உயரத்தில். நிலைப்படியில் தலை இடிப்பவர்களுக்காகப் பழைய கையுறைகளை ஒரு பொட்டலமாகக் கட்டி மேலே ஆணி அடித்திருந்தாள். படுக்கையைத் தூக்கினால் அடியில் அரிசி டின், அதற்கடியில் கருவிகள். எந்த இடமும் வீணாகவில்லை. நான் என் உயரத்துக்கு வைத்த வீட்டில் ஒரு நாளும் இருந்ததில்லை என்பது அப்போதுதான் எனக்குத் தோன்றியது. நானும் ஐந்து அடிக்குள்தான்.

“எவ்வளவு ஆச்சு?” என்றேன்.

“பதினெட்டாயிரத்து நானூறு வெள்ளி. ரெண்டு வெரல் நகம். மொதல்ல கட்டுன செவுரு ஒரு நாள் மத்தியானம் என் சோத்து மேலயே வுழுந்துச்சு. அன்னிக்குத்தான் சாய்மானக் கட்ட வைக்கணும்னு கத்துக்கிட்டேன்.”

மாலை 4.00. பக்கத்துக் கம்பத்திலிருந்து, அதாவது மலாய்க் கிராமத்திலிருந்து, பா மாட் வந்தார். ஓய்வு பெற்ற லோரி ஓட்டுநர், அறுபத்தெட்டு வயது. இந்த வட்டாரத்தில் வீடு தூக்கத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான். சின்ன வயதில் அவருடைய கம்பத்தில் வெள்ளம் வந்தால் வீட்டைத்தான் தூக்கி மேட்டில் வைப்பார்களாம். நீளவாக்கில் ஆறு மூங்கில், குறுக்கே எட்டு மூங்கில் வைத்து வீட்டின் அடிச்சட்டத்தோடு சேர்த்துக் கட்டினார். எல்லாவற்றையும் கையாலேயே காட்டினார், ஒரு சொல் பேசவில்லை. வியாழக்கிழமைதான் மேல் பல் எல்லாவற்றையும் பிடுங்கியிருந்தார். பேசினால் காற்றுதான் வருமாம். எனக்கு அவரை மிகவும் பிடித்துப் போயிற்று.

புஷ்பத்தின் தம்பி வீரா ஆள் சேர்க்கும் வேலையை எடுத்துக்கொண்டிருந்தார். தொண்ணூறு கிலோ, நல்ல மனசு. வீட்டுக்குள் வரும்போதெல்லாம் கையுறைப் பொட்டலத்தில் தலையை இடித்துக்கொள்வார். பழைய ரப்பர் தோட்டத்து ஆட்களின் போன் குழுவில் செய்தி போட்டிருந்தார். “நாப்பது பேரு வாரேன்னு சொல்லிருக்கான்,” என்றார். “மிச்சம் எல்லாம் கறி உண்டான்னு கேட்டிருக்கான்.”

“உண்டுன்னு போட்டியா?”

“போட்டேன்.”

“கோழியா ஆடான்னு கேட்டானா?”

“கேட்டான். கோழின்னு போட்டேன். பத்து பேரு கொறஞ்சான்.”

மாலை ஐந்தரைக்கு நிலத்துக்காரர் லியோங் மோட்டாரில் வந்தார். வீட்டை இடிக்கச் சொன்ன ஆள் என்று நான் அவரைப் பெரிய மீசையோடு கற்பனை செய்து வைத்திருந்தேன். மெலிந்த மனிதர். கையில் ஒரு பை நிறைய ரொட்டி.

“அக்கா, சாப்ட்டாச்சா?” என்றார் தமிழில். அவருடைய அப்பா தோட்டத்தில் கடை வைத்திருந்தவராம். “நான் என்னாலா செய்றது? மெஷின் ஒரு நாள்தான் கெடைக்குது. அப்புறம் சித்தியவான் போயிடும், மூணு மாசம் வராது. நாளைக்கு நானும் வாரேன், என் ஆளு பன்னெண்டு பேரையும் கூட்டியாரேன். தூக்கலாம்.”

“தூக்க முடியலன்னா?” என்றாள் புஷ்பம். அவள் மெதுவாகப் பேசியதை நான் கேட்டது அதுதான் முதல் முறை.

லியோங் ரொட்டிப் பையை அவள் கையில் கொடுத்தார்.

ஞாயிற்றுக்கிழமை, காலை 7.00. எல்லாச் சாமானும் வெளியே மரத்தடியில் இருந்தது. கூடாரத்துக்குக் கீழே கோழிக்கறி வேகத் தொடங்கிவிட்டது. வீரா பள்ளிக்கூட நோட்டுப் புத்தகத்தை வைத்துக்கொண்டு பெயர் கூப்பிட்டார். தோட்டத்தில் விடியற்காலையில் வேலைக்கு ஆள் கணக்கு எடுப்பதைப் பெரட்டு என்பார்கள். தோட்டம் போய் இருபது வருடமானாலும் பெரட்டுக்கு நிற்கும் விதம் யாருக்கும் மறக்கவில்லை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு வரிசையாக நின்றார்கள்.

“ஆறுமுகம்?”

“இருக்கேன்.”

“சுப்பையா?”

“இருக்கேன்.”

“டேய், சுப்பையா வரலயே, யாருடா இருக்கேன்னு சொன்னது?”

“அவன் சோத்துக்கு வந்துருவாம்ணே. இப்பவே பேரப் போட்டு வை.”

பா மாட்டும் அவர் ஆட்கள் பதினெட்டுப் பேரும், லியோங்கும் அவர் ஆட்கள் பன்னிரண்டு பேரும், நம் ஆட்கள் முப்பத்திரண்டு, லகாட்டிலிருந்து குமாரும் அவருடைய நண்பர்கள் இரண்டு பேரும். மொத்தம் அறுபத்தேழு பேர். எல்லைக்குச் சிவப்பு முளை அடித்திருந்தது. அதற்கு இந்தப் பக்கம் ஐந்து அடி தள்ளிப் புதிய சிமெண்டுக் கட்டைகள் பன்னிரண்டும் காத்திருந்தன. ஆக வீடு போக வேண்டிய தூரம் பதினாறு அடி. நான் என் வீட்டிலிருந்து இருநூற்றைம்பது கிலோமீட்டர் வந்தது இந்தப் பதினாறு அடியைப் பார்க்கத்தான்.

என்னையும் ஒரு மூங்கிலைப் பிடிக்கச் சொன்னார்கள். மற்றவர்கள் தோளில் வைத்ததும் மூங்கில் என் தோளுக்கு எட்டவில்லை. ஓரமாக நில்லுங்கள் என்றார்கள். புஷ்பமும் குட்டைதான், ஆனால் அவள் முன்பக்க மூங்கிலுக்கு அடியில் ஒரு ஸ்டூல் பலகையைத் தலையில் வைத்து முட்டுக்கொடுத்து நின்றுவிட்டாள். அது அவள் வீடு, யாரும் தடுக்கவில்லை.

காலை 8.10. முதல் முயற்சி. வீரா “ஒண்ணு, ரெண்டு” என்று கத்தினார். அதே நேரம் பா மாட்டின் மருமகன் “சத்து, டுவா” என்று கத்தினார். லியோங்கும் அவர் மொழியில் ஏதோ கத்தினார். நம் ஆட்கள் மூன்று என்றதும் தூக்கினார்கள். பா மாட்டின் ஆட்கள், மூன்றுக்குப் பிறகு ‘அங்காட்’ என்று தூக்குவதற்குத் தனியாக ஒரு சொல் வரும் என்று காத்திருந்தார்கள். லியோங்கின் ஆட்கள் இரண்டிலேயே தூக்கிவிட்டார்கள். வீடு ஒரு மூலையில் எழுந்து, இன்னொரு மூலையில் உட்கார்ந்து, நடுவில் ‘கிரீச்’ என்றது. ஒரு ஜன்னல் கண்ணாடி விழுந்து உடைந்தது.

“எறக்கு! எறக்கு!”

புஷ்பம் வெளியே வந்து உடைந்த கண்ணாடியைப் பார்த்தாள். அவள் கத்தியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

காலை 8.35. இரண்டாவது முயற்சி. இந்த முறை எல்லோரும் ‘அங்காட்’ சொல்லுக்குக் காத்திருப்பது என்று ஒப்புக்கொண்டார்கள். ஆனால் அதை யார் சொல்வது என்று ஒப்புக்கொள்ளவில்லை. அறுபத்தேழு பேரும் சொன்னார்கள். வீடு அரை அடி எழுந்தது.

“என்னாலா இவ்வளோ கனம்?” என்று ஒருவர் அடியிலிருந்து முனகினார்.

“உள்ள யாரோ நடக்குறாங்கடா!”

ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தேன். உள்ளே வீரா இரண்டு கையாலும் சாமி படத்தைச் சுவரோடு பிடித்துக்கொண்டு நின்றார்.

“அக்காதான சொல்லுச்சு, சாமி படத்த எறக்கக் கூடாது, வுழவும் கூடாதுன்னு,” என்றார் பரிதாபமாக.

“எறங்குடா, மாடு!” என்று வீட்டுக்கு அடியிலிருந்து பத்துக் குரல்கள் வந்தன. “மச்சான், சாமியத் தூக்குவோம், ஒன்னயத் தூக்க முடியாது!”

அவர் அவசரமாக இறங்கும்போது நிலைப்படியில் தலையை இடித்துக்கொண்டார். வீடு மறுபடியும் கீழே உட்கார்ந்தது.

அதற்குப் பிறகு சண்டை ஆரம்பித்தது. தப்பு யாருடையது என்று மூன்று மொழியில் பேசினார்கள். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. சிலர் கறிக் கூடாரத்தைத் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். இன்னொரு முறை கோணலாகத் தூக்கினால் அடிச்சட்டம் உடைந்துவிடும் என்று பா மாட் இரண்டு விரலை மடக்கிக் காட்டினார். நம் ஆள் எண்ணினால் மற்றவர்களுக்குப் பிடிக்கவில்லை, அவர்கள் எண்ணினால் நம் ஆட்களுக்குப் பிடிக்கவில்லை.

“யாரு பக்கமும் இல்லாத ஆளு எண்ணட்டும்,” என்றார் குமார். “கிள்ளான் அக்கா சும்மாத்தான நிக்குது.”

அறுபத்தேழு பேரும் என்னைப் பார்த்தார்கள். இதை எழுதும்போதும் எனக்கு வியர்க்கிறது.

“எனக்குச் சத்தம் வராது,” என்றேன்.

“என்ன சொல்லுது?” என்றார் பின்னால் ஒருவர்.

“சத்தம் வராதுன்னு சொல்லுது!” என்றார் முன்னால் இருந்தவர்.

“வசந்தி,” என்றாள் புஷ்பம். தலையில் பலகையோடு மூங்கிலுக்கு அடியில் போய் நின்றுகொண்டாள்.

காலை 9.05. ஒரு மீன் பெட்டியைக் கவிழ்த்து என்னை அதன் மேல் ஏற்றினார்கள். “ஒண்ணு” என்றேன். யாருக்கும் கேட்கவில்லை. எல்லோரும் பேசிக்கொண்டிருந்தார்கள்.

“டேய், சும்மா இருங்கடா, அக்கா சொல்றது கேக்கல!”

“டியாம், டியாம்!” என்றார் பா மாட்டின் மருமகன், சும்மா இருங்கள் என்று.

லியோங் தன் ஆட்கள் பக்கம் கையைக் காட்டினார். ஒவ்வொருவராக வாயை மூடினார்கள். கறி கிண்டிக்கொண்டிருந்த பெண் கரண்டியை வைத்துவிட்டாள். குழம்பு கொதிக்கும் சத்தம் கேட்டது. என் வாழ்க்கையில் அவ்வளவு பேர் எனக்காகச் சும்மா இருந்ததில்லை.

“ஒண்ணு,” என்றேன். “ரெண்டு. மூணு. அங்காட்.”

வீடு எழுந்தது. நான்கு மூலையும் ஒரே நேரத்தில், தட்டில் வைத்த கேக் மாதிரி. அறுபத்தேழு பேரும் என் குரலைப் பிடிக்கக் காதைத் தீட்டிக்கொண்டு இருந்ததால், ஒருவரும் முந்தவில்லை, பிந்தவில்லை. எனக்குக் குரல் பெரிதாக இருந்திருந்தால் பாதிப் பேர் கூடவே கத்தியிருப்பார்கள்.

“ஒரு எட்டு,” என்றேன். எடுத்து வைத்தார்கள். “ரெண்டு எட்டு.” வீடு நடந்தது. கீழே நூற்று முப்பத்து நான்கு கால்கள், மேலே ‘சைக்கிள் கூடாது’.

ஒரு எட்டுக்கு ஒரு அடி. ஒன்பதாவது வரை வந்துவிட்டோம். அப்போதுதான் என்ன செய்துகொண்டிருக்கிறேன் என்று நினைத்துப் பார்த்தேன். வாயைத் திறந்தேன், காற்றுகூட வரவில்லை. அறுபத்தேழு பேர் ஒரு காலை முன்னால் வைத்துக்கொண்டு, வீட்டைத் தோளில் வைத்துக்கொண்டு நின்றார்கள். சிவப்பு முளையைத் தாண்ட இரண்டே அடி இருக்கும்போது, கொஞ்சம் வீடு லியோங் நிலத்தில், மிச்சம் புஷ்பம் நிலத்தில், முழுவதும் ஆகாயத்தில்.

“அக்கா… பத்து…” என்று யாரோ பல்லைக் கடித்துக்கொண்டு கெஞ்சினார். மூங்கில் நெரிந்தது. குமாரின் முகம் கத்தரிக்காய் நிறத்துக்கு மாறியிருந்தது.

புஷ்பத்தைப் பார்த்தேன். அவள் முகம் முழுவதும் வியர்வை. இரண்டு கையும் பலகையில் இருந்தது, சைகை காட்ட முடியாது. அவள் என்னையே பார்த்தாள். பிறகு புருவத்தை இரண்டு முறை தூக்கினாள்.

லைன் ஓடுகிறது, நிறுத்தாதே.

“பத்து,” என்றேன்.

அதற்கப்புறம் நிறுத்தவில்லை. பதினாறு என்றதும் பா மாட் கையைக் கீழே காட்டினார். “மெதுவா எறக்குங்க,” என்றேன். இறங்கியது. சமையலறை மூலையில் மட்டும் கட்டைக்கும் சட்டத்துக்கும் நடுவே ஒரு விரல் இடைவெளி. பா மாட் ஒரு பலகைத் துண்டைச் செருகினார். உட்கார்ந்துவிட்டது.

பிறகு எல்லோரும் ஒரே நேரத்தில் கத்தினார்கள். இரண்டு நிமிடம் அடக்கி வைத்திருந்த எல்லாவற்றையும் கத்தினார்கள். பல் இல்லாத பா மாட்கூடக் கத்தினார், காற்றுதான் வந்தது.

புஷ்பம் கதவுக்குப் போனாள். கையை வைத்து இழுத்தாள். கதவு வரவில்லை, பிடி மட்டும் கையோடு வந்தது. அவள் முகம் மாறியது. வீரா ஓடி வந்து, “தள்ளிப் பாருக்கா” என்றார். தள்ளினாள். திறந்துகொண்டது. தூக்கிய அதிர்ச்சியில் அவள் மழைக்காக அடித்திருந்த கட்டை உள்ளே விழுந்து கிடந்தது. கண்ணாடியில் ஒட்டியிருந்தது மூன்று வருடத்துக்குப் பிறகு உண்மையாகிவிட்டது. சாமி படம் சுவரில் நேராகவே இருந்தது. புஷ்பம் அதைப் பார்த்தாள், சிரிக்க ஆரம்பித்தாள், பிறகு கொஞ்ச நேரம் அழுதாள். அதற்கும் சத்தம் பெரிதாகத்தான் இருந்தது.

மதியம் 12.00. சாப்பாடு. சுப்பையா வந்துவிட்டார். நகர்த்திய வீட்டுக்கு மறுபடியும் பால் காய்ச்ச வேண்டுமா என்று பெரிய விவாதம் நடந்தது. வீடு பழையது, இடம் புதியது, அதனால் பாதிப் பால் காய்ச்சினால் போதும் என்று லியோங் தீர்ப்புச் சொன்னார். காய்ச்சினோம். குமார் தன்னுடைய பங்கைச் சுவரில் ‘சைக்கிள் கூடாது’ என்ற இடத்தில் சாய்ந்துகொண்டே குடித்தார். வீரா தலையில் ஐஸ் வைத்துக்கொண்டு வரிசையில் கடைசியாகச் சாப்பிட்டார். “அக்கா, இன்னொரு தடவ எண்ணுங்க,” என்று ஆளாளுக்கு என்னிடம் வந்து கேட்டார்கள். நான் எழுந்து பாத்திரம் கழுவப் போய்விட்டேன். தொட்டி என் இடுப்பு உயரத்தில் இருந்தது. எனக்குச் சரியாகவே இருந்தது.

நான் கிள்ளானில் நான்காவது மாடியில் வாடகை வீட்டில் பதினெட்டு வருடமாக இருக்கிறேன். சுவிட்சு, தொட்டி, அலமாரி எல்லாம் யாரோ ஒரு உயரமான மனிதருக்கு வைத்தது. பக்கத்து வீட்டுக்காரர் பெயர் எனக்குத் தெரியாது, அவருக்கும் என் பெயர் தெரியாது. என் வீட்டைத் தூக்க வேண்டும் என்றால் யார் யாரைக் கூப்பிடுவது என்று அன்று மாலை எண்ணிப் பார்த்தேன். புஷ்பம் வருவாள். வீரா வருவார், உள்ளே நிற்பார். குமார் வருவார் என்று நினைக்கிறேன். மூன்று பேருக்கு மேல் எண்ண முடியவில்லை. ஆனால் போன வாரம் கேட்டிருந்தால் ஒன்றோடு நின்றிருக்கும். புஷ்பத்திடம் இதைச் சொன்னேன். அவள் நிலத்தில் கிழக்குப் பக்கம் இன்னும் இடம் இருக்கிறது என்றாள். கையால் அளந்தும் காட்டினாள். இந்த முறை மரத்தை வைத்து அளக்கவில்லை, சிவப்பு முளையை வைத்து அளந்தாள். நான் யோசிக்கிறேன் என்று சொன்னேன்.

மறுநாள் திங்கட்கிழமை. காலை எட்டரைக்கு இயந்திரம் வந்து பலா மரத்தைத் தள்ளியது. நான் ஈப்போவில் பத்து மணி பேருந்தில் ஏறி, ஒன்பதாம் எண் இருக்கை என்னுடையது என்று அதில் இருந்தவரை எழுப்பினேன். அது அவருடைய இருக்கைதான்; நான் டிக்கெட்டைத் தலைகீழாகப் பிடித்து ஆறை ஒன்பது என்று படித்திருந்தேன்.